துறை அனுபவம்

டயர் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிய பிறகும் எல்லோரும் அவரை ஜி.எம். என்றுதான் கூப்பிட்டார்கள். குடியிருப்பின் காவலாளிக்கு ஜி.எம்., மைத்துனனுக்கு ஜி.எம்., லிஃப்டில் பார்க்கும் மூன்றாம் மாடிக்காரருக்கும் ஜி.எம். ஜெனரல் மேனேஜர் நாற்காலி போய்விட்டது, பட்டம் மட்டும் போக மறுத்தது. அவரும் அதைப் போகச் சொல்லவில்லை. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.

அவர் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்தாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கத்தரி, இடுக்கி, கிண்ணம் எல்லாவற்றையும் கழுவி, சரிபார்த்து, தட்டுகளில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவி மெஷினில் வைத்துக் கிருமி போக்கி, மறுபடி தியேட்டருக்கு அனுப்புகிற பிரிவு. அங்கே எட்டுப் பேருக்கு அவள் சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. உறவுக்காரர்கள் கூடும்போதெல்லாம் ஜி.எம். அதைப் 'பாத்திரம் தேய்க்கிற டிபார்ட்மென்ட்' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்த மருத்துவமனைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆண்டு விழாவுக்கு வாங்க என்று அவள் கூப்பிட்டால் மீட்டிங் இருக்கிறது என்பார். அவள் சம்பளத்தைக் கைச்செலவுக் காசு என்பார்.

இப்போது அந்தக் கைச்செலவுக் காசில்தான் வீடு ஓடியது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் ஃபீஸும் அதிலிருந்துதான் போனது. வேலை போனதைக்கூட ஜி.எம். ஒருவாறு விழுங்கிக்கொண்டார். காலையில் மனைவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அவள் பின்னால் கதவைச் சாத்த அவர் எழுந்து வர வேண்டியிருந்தது. அதைத்தான் விழுங்க முடியவில்லை. எப்பாடு பட்டாவது ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், எந்தத் துறை நாற்காலியானாலும் சரி என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

அந்த நிலைக்கு வந்தவர்களை நம்பிப் பிழைக்கிற ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஹோட்டல் ஒன்றின் சிறிய ஹாலில் வகுப்பு. டை கட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத கனவான்கள் டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளருக்கு அவர்களில் பாதி வயதுதான். பயோடேட்டாவில் பிறந்த வருடத்தை எடுத்துவிடுங்கள் என்பார். தலைக்குச் சாயம் போடுங்கள், ஆனால் மீசைக்கு வேண்டாம், முழுதும் கறுப்பாக இருந்தால் சந்தேகம் வரும் என்பார். முன்னாள் பெருந்தலைகள் எல்லாம் தலையாட்டிக் குறித்துக்கொள்வார்கள்.

"டயர்லேர்ந்து டயருக்கே போகணும்னா, பாதிச் சம்பளத்துக்கு ரெண்டு மடங்கு ஓடுற பையன் வெளியே வரிசையில நிக்கிறான் சார்," என்று ஜி.எம்.மிடம் சொன்னார் அவர். "துறை மாறுங்க. இப்ப ட்ரெண்டே அதுதான். ஆஸ்பத்திரிகள்ல டாக்டர் அல்லாத ஆளைத்தான் தேடுறாங்க. செலவைக் குறைக்கத் தெரிஞ்ச ஆளு."

"எனக்கு ஆஸ்பத்திரியைப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

"துறை அனுபவம் இல்லைன்னா கடன் வாங்குங்க. அந்தத் துறைல இருக்கிறவங்ககிட்ட பேச்சுக் கொடுங்க. அவங்க சாதாரணமா வாய்விட்டுச் சொல்றதுதான் உங்களுக்கு இன்டர்வியூல தங்கம்."

ஜி.எம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரிடம் கடன் வாங்குவது என்று யோசித்தார். பழைய நண்பர்களில் டாக்டர் யாராவது உண்டா என்று மண்டையைக் குடைந்துகொண்டார். வீட்டுக்குள் நுழைந்து, சமையலறையில் மனைவி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பளிச்சென்றது. மனுஷனுக்கு அத்தனை நேரம் ஆயிற்று.

அன்று சாப்பிடும்போது கேட்டார்: "உங்க டிபார்ட்மென்ட்ல ஒரு நாள் எப்படிப் போகும்?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. ஏதாவது உடம்புக்கு ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஒரே ஒரு கத்தரிக்காக டாக்டர்கள் தட்டு முழுவதையும் பிரித்துவிட்டு, தொடாத முப்பது சாமான்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்புவதைச் சொன்னாள். அவசரம் அவசரம் என்று தியேட்டரிலிருந்து போன் வருவதால் மெஷினைப் பாதி நிரப்பிக்கொண்டே ஓட்ட வேண்டியிருப்பதைச் சொன்னாள். பிரிவிலேயே மூத்தவளான பெரியக்காவுக்கு மூட்டுவலி, அதனால் நின்று செய்கிற வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டு அவளுக்குத் துணி மடிக்கிற வேலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

ஜி.எம். கவனமாகக் கேட்டார். பாதி நிரம்பிய மெஷின் என்றால் மின்சாரம் வீண். மூட்டுவலி என்றால் ஒரு ஆள் உபரி. மனைவி பேசப் பேச அவர் தலைக்குள் எல்லாம் அழகாகக் கட்டம் கட்டமாக விழுந்தது. "ம்ம், அப்புறம்?" என்றார். அந்த 'அப்புறம்' போதும் அவளுக்கு. அடுத்த நாளிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று பேருந்திலேயே யோசித்துக்கொண்டு வருவாள். அவள் முகம் தெளிந்துவிட்டதென்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். தன் கணவன் கடைசியில் திருந்திவிட்டான் என்று மனைவி நினைத்தாள், பாவம். இருபத்து மூன்று வருடத்துப் பேச்சு அவளிடம் சேர்ந்து கிடந்தது.

ஒரு நாள் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. சொன்னதையே சொன்னால் அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதனால் ஒரு கதை விட்டாள். மதியம் பெரியக்கா எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவையும் வாங்கி நீராவி மெஷினுக்குள் அடுக்கி, கருவி எதுவும் இல்லாமல் சும்மா ஒரு சுற்று ஓட்டிச் சூடு பண்ணிக் கொடுப்பாள் என்றாள். "ஊர்லயே சுத்தமான சாப்பாடு எங்களுதுதான். ஒரு கிருமி இருக்காது."

ஜி.எம். சிரித்துவிட்டார். புரையேறித் தண்ணீர் குடிக்கிற அளவுக்குச் சிரித்தார். வேலை போனதிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஆகவே தினமும் இப்படித்தான் என்றும், இரண்டு சுற்றுகூட ஓடும் என்றும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு கன்சல்டன்சி கம்பெனி ஜி.எம்.மை நேர்காணலுக்கு அழைத்தது. மருத்துவமனைகளுக்குச் செலவு குறைக்க வழி சொல்லிக் காசு வாங்குகிறவர்கள். இப்போதெல்லாம் பெரிய பதவிக்கு வருகிறவர்களிடம் முதலில் சும்மா வேலை வாங்கிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு மருத்துவமனையில் எங்கே கை வைத்தால் எவ்வளவு மிச்சம் என்று அறிக்கை தயாரித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஜி.எம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தயாரித்தார். மற்ற பிரிவுகளுக்கு இணையத்தில் கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றினார். கருவி கழுவும் பிரிவுக்கு மட்டும் பத்துப் பக்கம். மூடிவிட்டு, வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்பது முடிவு. மதியச் சாப்பாட்டுக்காகக் காலியாக ஓடும் மெஷின் தனித் தலைப்பில் இருந்தது.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர்தான் தலைவர். டயர்காரர் என்ன பேசிவிடப்போகிறார் என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், சாப்பாட்டு டப்பா வந்ததும் நிமிர்ந்தார்.

"இது எந்த ஆஸ்பத்திரி?"

சொல்ல வேண்டாம் என்று ஜி.எம்.முக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் எதிரே மூன்று பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் பார்த்து எத்தனை காலமாயிற்று. பெயரைச் சொன்னார்.

"அங்க உங்களுக்கு யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"யாரும் இல்ல. நானே நேர்ல பார்த்து ஆராய்ச்சி பண்ணினது."

கண்ணாடிக்காரர் பக்கத்து ஆளைப் பார்த்தார். அறிக்கையை ஒரு பிரதி விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். ஜி.எம். மூன்று பிரதி கொடுத்தார்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. வாரக்கணக்கில் ஜி.எம். கையைப் பிசைந்துகொண்டு கிடந்தார். மனைவியிடம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். இனி கேட்டு என்ன ஆகப்போகிறது. அவளும் இரண்டு நாள் தானாகவே எதையோ சொல்லிப் பார்த்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரரே கூப்பிட்டார். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அதே மருத்துவமனை நிர்வாகத்திடம் போனார்களாம். நிர்வாகத்துக்குப் பிடித்துப்போய்விட்டதாம். திட்டம் போட்டவரே முன்னால் நின்று நடத்தினால் நல்லது, மாற்றத்துக்கான இயக்குநர் என்று பதவி, நல்ல சம்பளம், முதல் வேலையாகக் கருவி கழுவும் பிரிவை மூட வேண்டும் என்றார். மனைவியின் முகம் ஜி.எம்.முக்கு நினைவுக்கு வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே "எப்போ சேரணும் சார்?" என்று கேட்டுவிட்டார்.

அன்று மாலை மனைவி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்களை எல்லாம் ஹால்ல கூப்பிட்டு வச்சுத் திரைல போட்டுக் காட்டினாங்க," என்றாள். "டிபார்ட்மென்ட்டை மூடுறாங்களாம். மெஷினைப் பாதிதான் ரொப்புறோம், மூத்த ஆளு ஒருத்தரு உட்கார்ந்தே சம்பளம் வாங்குறாங்க, எல்லாம் போட்டிருந்தது. எங்களுக்குள்ள யாரோ காட்டிக் கொடுத்துட்டாங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்புறம் மதியானம் காலி மெஷினை ஓட்டிச் சோறு சூடு பண்றோம்னு வந்தது."

ஜி.எம். எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"அது நடக்கவே இல்லைங்க. ஒரு நாள்கூட நடக்கல. மெஷின் எப்ப ஓடினாலும் அதுவே பதிவு பண்ணி வச்சிருக்கும், யாராவது எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் பார்க்கல. அது நான் உங்களுக்காகச் சும்மா சொன்னது. நீங்க சிரிச்சீங்களேன்னு சொன்னது."

மனசாட்சி உள்ளவனுக்கு இந்த இடத்தில் தலை குனிந்திருக்கும். ஜி.எம்.முக்கு முதலில் வந்தது கோபம். அறிக்கையில் பொய்த் தகவல் போயிருக்கிறதே என்ற கோபம்.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? யாராவது சரிபார்த்திருந்தா என் மானம் என்ன ஆகியிருக்கும்?"

மனைவி அவரை உற்றுப் பார்த்தாள். "பெரியக்கா அழுதாங்க," என்றாள். "நாங்க இல்லாத நேரத்துல அவங்கதான் மெஷின்ல சோறு வச்சிருப்பாங்கன்னு எல்லாரும் அவங்களைத் திட்டினாங்க. உன்னாலதான் எல்லார் பிழைப்பும் போச்சுன்னாங்க. அவங்க அப்படி எதுவும் செய்யலைன்னு எனக்கு மட்டுந்தான் உறுதியாத் தெரியும்."

"நீ ஏதாவது சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? என் வீட்டுக்காரர்தான் சொன்னாருன்னா?"

"சொல்லலையே?"

"சொல்லல."

ஜி.எம்.முக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டு, காலையில் வந்த போனைப் பற்றிச் சொன்னார். பதவியின் பெயரைச் சொன்னார். சம்பளத்தைச் சொன்னார். "நீயே யோசிச்சுப் பாரு. நான் வேண்டாம்னு சொன்னாலும் உன் வேலை போகத்தான் போகுது. வேற எவனாவது வந்து மூடுவான். ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா பொண்ணு படிப்பு என்ன ஆகும்?"

அவர் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் கணக்கு என்றைக்குமே தப்பாக இருந்ததில்லை.

"ஒரே ஒரு விஷயம்," என்றார். "அங்க எனக்கு யாரையும் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். நீ என் மனைவின்னு தெரிஞ்சா முதல் நாளே என்னை வெளிய அனுப்பிடுவாங்க. உன் ஃபைல்ல உங்கப்பா பேருதானே இருக்கு?"

"ஆமா."

"அங்க யாரும் என்னைப் பார்த்தது கிடையாது. ஒரு அஞ்சு நிமிஷம். யாரோ மாதிரி வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு. அவ்வளவுதான்."

மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். ஜி.எம். சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை.

மருத்துவமனையில் அவருக்கு ஒதுக்கிய அறை கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது. நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வதற்காக வைத்திருந்த அறையாம். மேசைமேல் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. கன்சல்டன்சியிலிருந்து ஒரு எச்.ஆர். பெண் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சின்ன வயது, நல்ல மனசு, இந்த வேலைக்குப் புதுசு.

ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் இறங்கினாள்.

"நான் மெஷின்ல சோறு வச்சதே இல்லீங்க சார். இந்த மூட்டு மேல சத்தியம்."

"அதைப் பத்தி இப்போ பேச வேண்டாம்மா," என்றார் ஜி.எம். குரல் நன்றாகக் கனிந்து வந்தது. பழைய ஜி.எம். குரல். அது திரும்பி வந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. காகிதப் பெட்டியைப் பெரியக்கா பக்கம் தள்ளி வைத்தார்.

கடைசியாக மனைவி வந்தாள். வேலை உடுப்பில் இருந்தாள். தலைமுடியை வலைத் தொப்பிக்குள் அடக்கியிருந்தாள். அந்தக் கோலத்தில் அவளை அவர் பார்த்ததே இல்லை. ஒரு கணம் நிஜமாகவே யாரோ என்று நினைத்துவிட்டார்.

"வணக்கம் சார்," என்றாள்.

"உட்காருங்க."

உட்கார்ந்தாள். நீண்ட காலச் சேவை, நிர்வாகம் நன்றி மறக்காது, தவிர்க்க முடியாத முடிவு என்று மற்ற எட்டுப் பேரிடமும் சொன்னதைச் சொன்னார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற எட்டுப் பேரும் கேட்ட மாதிரியே கேட்டாள். அச்சுப் பிசகவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தார்.

எச்.ஆர். பெண் பேனாவை எடுத்தாள். "வீட்டுல வேற யாராவது சம்பாதிக்கிறாங்களாம்மா?"

ஜி.எம். திடுக்கிட்டார். மற்றவர்களிடமும் கேட்ட கேள்விதான். ஆனால் இதற்கு என்ன பதில் சொல்வது என்று வீட்டில் பேசி வைக்கவில்லை. கணவர் சம்பாதிக்கிறார் என்றால் எங்கே என்று கேட்பாள்.

"இல்லைங்க," என்றாள் மனைவி.

"கணவர்?"

மனைவி ஜி.எம். பக்கம் திரும்பவில்லை. மணி என்ன என்று கேட்டவளுக்குச் சொல்வதுபோல, "தவறிட்டார்," என்றாள்.

"ஐயோ, சாரிம்மா. எப்போ?"

"சமீபத்துலதான்."

"உடம்பு சரியில்லாம இருந்தாரா?"

"நல்லாத்தான் இருந்தார். வேலை போச்சு. கொஞ்ச நாள் என்கிட்ட நல்லாப் பேசிட்டு இருந்தார். அப்புறம் போயிட்டார்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜி.எம். பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "சார், கணவரை இழந்தவங்களுக்குக் கூடுதலா ஒரு மாசச் சம்பளம் கொடுக்கலாம்னு இருக்கு. நீங்க எழுதினதுதான், கடைசிப் பக்கத்துல. சேர்த்துடலாமா?" என்றாள்.

அறிக்கையில் கொஞ்சம் ஈரமும் தெரியட்டுமே என்று போட்ட வரி அது. போட்டதையே அவர் மறந்திருந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை, பழிவாங்குகிற எண்ணம்கூட இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி தருவாரா மாட்டாரா என்ற கவலை மட்டும்தான் இருந்தது. கூடாது என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஆள் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல வேண்டும்.

"சேர்த்துடுங்க," என்றார் ஜி.எம். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப நன்றி சார்," என்று மனைவி எழுந்தாள். நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எச்.ஆர். பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாவம் சார், இல்ல?"

"ஆமா," என்றார் ஜி.எம்.